சார்ஜ் என்னும் சொல்லோடு என் பணிக்காலம்

மின்துறையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பணிப் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவனை இவ்வாறு நினைவில் வைத்து அழைப்பது அரிது. சலவைச் சட்டை அணிந்து, திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறிப் போனேன். நான் தயாரித்துக்கொண்டு போன உரை முடிந்ததும், பின்வரிசையில் இருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

"ஐயா, இப்ப லைன் கிளியர் திருப்பிக் குடுக்குறதுக்கு ஓடிபி வருது. வேலை பாக்குற ஆளோட போன்ல வர்ற நம்பரைச் சொன்னாத்தான் பிரேக்கர் சுவிட்சையே போட முடியும். அது இல்லாத காலத்துல எத நம்பி லைனை சார்ஜ் பண்ணீங்க?"

"ஒரு வினைச்சொல்லை நம்பி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பதை விளக்க அன்று நேரம் போதவில்லை. வகுப்பை நடத்தியவர், அதை எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன் விளைவே இக்கட்டுரை.

துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக இரண்டு சொற்களை முதலில் தெளிவுபடுத்துகிறேன். மின்கம்பத்தில் ஏறி வேலை செய்ய வேண்டிய லைன்மேன், துணை மின்நிலையத்தில் பணியில் இருக்கும் ஆபரேட்டரிடம் அந்தப் பாதையின் மின்சாரத்தை நிறுத்தித் தருமாறு கேட்டு வாங்குவது லைன் கிளியர். வேலை முடிந்து அதை அவர் திருப்பித் தந்தபின், அந்தப் பாதைக்கு மீண்டும் மின்சாரத்தைச் செலுத்துவது சார்ஜ் பண்ணுவது. நான் பல ஆண்டுகள் அந்த ஆபரேட்டர் நாற்காலியில் இருந்தவன்.

அந்த நாற்காலிக்கு நான் நேர்வழியில் வந்து சேரவில்லை. இலுப்பூருக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கம்பம் நடுவதற்குக் குழி தோண்டும் கூலியாக வந்தேன். பிறகு உதவியாளன் ஆனேன். பிறகு ஆபரேட்டர் ஆனேன். ஆங்கிலத்தை இயந்திரங்களின் மீது பதித்திருந்த தகடுகளில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். புதுக்கோட்டையில் ஒரு பழைய பேப்பர்க் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று கிடைத்தது. அதில் நான் தேடிய முதல் சொல் சார்ஜ். ஒரு வரியில் பொருள் இருக்கும் என்று எண்ணியவனுக்கு, பக்கத்தில் பாதியை அந்த ஒரு சொல்லே அடைத்துக்கொண்டிருந்தது வியப்பாக இருந்தது. நிரப்புவது, பொறுப்பை ஒப்படைப்பது, குற்றம் சாட்டுவது, விலை கேட்பது, பாய்ந்து வருவது என்று அடுக்கிக்கொண்டே போனது. இவ்வளவையும் ஒரு சொல்லின் தலையில் சுமத்திய வெள்ளைக்காரர்கள் எப்படி ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். எங்கள் அலுவலகத்தில் மாறுதலில் போகிறவர் சார்ஜைக் கொடுத்துவிட்டுப் போவார். வருகிறவர் நல்ல நாள் பார்த்துச் சார்ஜ் எடுப்பார். இரண்டு ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பவர் கூடுதல் சார்ஜில் இருப்பதாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். பிழை செய்தவருக்கு வருவது சார்ஜ் மெமோ. நுகர்வோர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மீட்டர் மாத்த இம்புட்டுச் சார்ஜா?" என்பார். பக்கத்து அறையில் பேட்டரிகள் எந்நேரமும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து, பகலிலும் படுத்து உறங்கத் தொடங்கியபோது, என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளிடம், "இவுகளுக்குச் சார்ஜ் சுத்தமா எறங்கிப்போச்சு, போட்டு வச்சாலும் ஏற மாட்டேங்குது" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. 

இத்தனை பொருள்களில் ஒன்றே ஒன்றை மட்டும் கட்டுப்பாட்டு அறைக்குள் அனுமதித்தவர் என் மேலதிகாரி வைத்தியலிங்கம் அவர்கள். துணை மின்நிலையத்தின் பொறுப்பில் இருந்த அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். மெலிந்த உருவம், முழுக்கைச் சட்டை, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வயதில் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். தொலைபேசி மணி அடித்தால், முதலில் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவார். விசிறி முழுமையாகச் சுழன்று நின்ற பின்பே ரிசீவரை எடுப்பார். எதிர்முனையில் இருப்பவர் காத்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அவர் சொல்வதைக் கேட்டு, அதை அப்படியே திருப்பிச் சொல்லி, எதிர்முனையில் "ஆமாம்" என்ற சொல் வந்த பிறகு ரிசீவரை வைப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதன் பின்புதான் கை சுவிட்சுக்குப் போகும். பேசிக்கொண்டே எதையும் அவர் தொட்டதில்லை. எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும்போது பேசியதும் இல்லை.

அவருடைய அறையில் மெமோ என்று சொல்லலாம், சார்ஜ் மெமோ என்று சொல்லக்கூடாது. பொறுப்பு என்று சொல்ல வேண்டும், கட்டணம் என்று சொல்ல வேண்டும். செல்போன் வந்த புதிதில், ஒரு சகபணியாளர் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபடியே, "சார், கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறேன்" என்றார். வைத்தியலிங்கம் அவர்கள் அவரை வெளியே அழைத்துச் சென்று, வேப்பமரத்தடியில் நிறுத்தி, "தம்பி, போனுக்குக் கரண்ட் ஏத்துறேன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் உள்ள சொல்லாதீங்க. அதச் சொன்னா கரண்ட் போகும். போற எடத்துல ஆள் இருக்கும்" என்றார். நாங்கள் அவருக்குப் பின்னால் இதைச் சொல்லிச் சிரித்ததுண்டு. ஆனால் அவர் முன்னால் ஒருவரும் மீறியதில்லை. நாளடைவில் அது எங்கள் நாக்கின் பழக்கமாகிவிட்டது.

அவருடைய இரண்டாவது விதி, லைன் கிளியர் வாங்கியவர் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வர வேண்டும் என்பது. "ஆட்கள் எல்லாம் எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, லைனை சார்ஜ் பண்ணலாம்." இதைச் சொல்லும் உரிமை, அன்று காலையில் தன் பெயரைச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி வாங்கிய அந்த ஒருவருக்கே உண்டு. அவருக்கு மேலே எத்தனை அதிகாரிகள் இருந்தாலும் அவர்களுக்கு அது கிடையாது. எர்த் என்று நான் குறிப்பிடுவது, வேலை நடக்கும் இடத்தில் கம்பியை மண்ணோடு இணைத்து மாட்டி வைக்கும் நீண்ட கழி. தவறி மின்சாரம் வந்தாலும், கம்பத்தில் இருப்பவரின் உயிருக்கு அதுவே காவல். ஆகையால் அதை எடுத்தாயிற்று என்று சொல்வது, மேலே யாரும் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

இந்த விதிகளின் எடை எனக்கு முழுமையாகத் தெரிந்தது, வைத்தியலிங்கம் அவர்கள் ஓய்வு பெற்றுச் சென்று பல ஆண்டுகளுக்குப் பின்னர். அப்போது நான் திருவரங்குளத்துக்கு அப்பால் ஒரு துணை மின்நிலையத்தில் இருந்தேன். எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட அந்தப் புயல் ஓய்ந்து சில நாட்கள் ஆகியிருந்தன. தென்னையும் பலாவும் முந்திரியும் சாலைகளின் குறுக்கே கிடந்தன. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. செல்போன் கோபுரங்கள் இயங்கவில்லை. எங்கள் தொலைபேசியும் ஊமையாகக் கிடந்தது. லைன் கிளியர் வாங்கவும் திருப்பித் தரவும் ஆட்கள் நேரில் வந்தாக வேண்டிய நிலை.

கருப்பையா என்னும் லைன்மேன் அன்று காலை வந்து, கண்மாய்க்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களுக்குப் போகும் பாதையில் லைன் கிளியர் வாங்கிக்கொண்டு போனார். அவர் ஊரும் அந்தப் பாதையில்தான் இருந்தது. தன் சைக்கிளை வாயிலில் நிறுத்திவிட்டு, உதவியாளர் பழனியப்பனின் சைக்கிளில் அவரோடு சென்றார். நான் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, கைப்பிடியில் பலகையைத் தொங்கவிட்டு, அதில் சுண்ணாம்புக் கட்டியால் கருப்பையாவின் பெயரை எழுதினேன்.

பொழுது சாயத் தொடங்கியபோது துணை மின்நிலையத்தின் வாயிலில் பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. மோட்டார் ஓடாததால் அந்த ஊர்களுக்குக் குடிநீர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு பழைய ஜெனரேட்டரை நம்பி நடந்துகொண்டிருந்தது. எங்கள் உதவிப் பொறியாளர் ஒரு பெண்மணி; வயதில் இளையவர்; இரண்டு பிரிவுகளை அவர் ஒருவரே பார்த்துவந்தார். புயல் நாளிலிருந்து வீட்டுக்கே போகாமல், தொண்டை கட்டி, குரல் கிழிந்துபோய் என் எதிரில் அமர்ந்திருந்தார். இன்னொரு குழுவினர் வாசலில் எர்த் கழிக்காகக் காத்திருந்தார்கள். அந்நாட்களில் கம்பங்கள் மிகுந்தும் கழிகள் குறைந்தும் இருந்தமையால், ஒரு குழுவின் கழி அடுத்த குழுவுக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் பழனியப்பன் வந்து சேர்ந்தார். தோளில் எர்த் கழி. அதைக் கண்டதுமே கூட்டம் கைதட்டியது.

"முடிஞ்சிருச்சுண்ணே. எர்த்தையும் கழட்டிக் கொண்டாந்துட்டேன். போட்டுறச் சொன்னாரு கருப்பையாண்ணே" என்றார்.

கருப்பையா எங்கே என்று கேட்டேன். பின்னால் வருவதாகச் சொன்னார். அவர் வரட்டும் என்று நான் என் நாற்காலியில் அமர்ந்தேன். வாயிலில் முதலில் சிரிப்பும், பிறகு முணுமுணுப்பும், பிறகு கூச்சலும் எழுந்தன. ஐயாவுக்கு ராகுகாலம் கழிய வேண்டுமாம் என்று ஒருவர் சொன்னார். இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்ற ஒரு பெண், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "அந்தண்ணந்தான் முடிஞ்சிருச்சுங்கிறாருல்ல? ஒங்க வீட்டுக் கொழாயில தண்ணி வருதாக்கும், அதான் அசராம ஒக்காந்திருக்கீங்க" என்றார். எங்கள் வீட்டுக் குழாயிலும் வரவில்லை. ஆனாலும் அவர் கேட்டதில் பிழை இல்லை.

பொறியாளர் அம்மையார் என் அருகில் வந்து, கூட்டத்துக்குக் கேட்காதவாறு பேசினார்.

"ஐயா, ஹெல்த் சென்டர்ல ஒரு பொண்ணுக்கு வலி வந்திருச்சாம். ஜெனரேட்டர் எந்நேரம் நிக்கும்னு தெரியலங்கிறாங்க. எர்த்தும் வந்திருச்சு. இன்னும் என்ன பாக்குறீங்க?"

"வாங்கினது கருப்பையாதாம்மா. அவர்தான் திருப்பித் தரணும்."

"இந்த நெலமையிலயுமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிரசவ அறையில் ஓர் உயிருக்காக அவர் பேசினார். கருப்பையாவுக்கு ஆபத்து என்று சொல்ல என்னிடமும் சான்று ஏதும் இல்லை. கழியே வந்துவிட்டது. நான் மறுத்து, அதனால் அங்கே ஏதேனும் நேர்ந்துவிட்டால், அதற்குரிய மெமோவைக் கையில் வாங்குவதைவிட மனத்தில் வாங்குவதே கொடியதாக இருக்கும். அகராதியில் நான் என்றோ படித்த பொருள்கள் யாவும் அன்று மாலை என்னைச் சுற்றி நின்றன. பாய வரும் கூட்டம் வெளியே, பொறுப்பு எதிரில், குற்றச்சாட்டு வரும் வழியில். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, கைப்பிடியில் தொங்கிய பலகையில் இருந்த பெயரை மட்டும் பார்த்தேன். பிறகு பழனியப்பனை உள்ளே அழைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறையின் அமைதியில் கேட்டேன்.

"பழனியப்பன், கருப்பையா கம்பத்தை விட்டு எறங்குனத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அவர் கழியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நான் கெளம்புறப்ப மேல ஒரே ஒரு கம்பிக் கட்டுத்தாண்ணே பாக்கி இருந்துச்சு. இங்கிட்டு ஆளுக எர்த்துக்காகக் காத்துக்கிட்டு இருப்பாக, நீ எடுத்துக்கிட்டு முன்னால போ, நீ சைக்கிள மிதிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் எறங்கிருவேன்னாரு."

இந்த வழக்கத்தை நான் அறிவேன். உதவியாளனாக இருந்தபோது என்னையும் அவ்வாறு முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். மரங்கள் விழுந்த பாதையில் சைக்கிளை உருட்டியும் மிதித்தும் வந்து சேர நெடுநேரம் ஆகும். அந்த நேரத்தை வீணாக்காமல் மேலே மீதி வேலையை முடித்துவிடலாம் என்பது கணக்கு. நல்ல எண்ணத்தில் பிறந்த கணக்குத்தான். நான் வாசலைப் பார்த்தேன்.

"சைக்கிள் எங்க?"

"சைக்கிள்ல வரலண்ணே. சோத்துப் பொட்டலம் குடுக்க வந்த பயலுக பைக்குல ஏத்தி, வரப்பு வழியா வெரசாக் கொண்டாந்து விட்டு..."

அவர் தோளில் இருந்த கழியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் அருகிலேயே அமர்ந்துவிட்டார்.

பொறியாளர் அம்மையார் நேராக வாயிலுக்குப் போய், அந்த இளைஞர்களின் வண்டியைத் திருப்பச் சொன்னார். கழியையும் கொடுத்துப் பழனியப்பனை அதில் ஏற்றி அனுப்பினார். இன்னொருவரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, எங்கள் வண்டியில் இருந்த டீசலை ஜெனரேட்டருக்கு எடுத்துப்போகச் சொன்னார். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நொடியில் தோன்றியது. பிறகு அந்தக் கிழிந்த குரலில் கூட்டத்தைப் பார்த்து, "கம்பத்து மேல ஒரு ஆள் இருக்காரு. அவர் எறங்கி வந்தப்புறம்தான் கரண்ட்" என்றார்.

கூச்சல் நின்றது. குடத்தோடு நின்ற பெண் அதை ஓசையின்றித் தரையில் வைத்தார்.  எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டியின் பின்னால் அமர்ந்து கருப்பையா வந்து இறங்கினார். தலைமுடியில் முந்திரிச் சருகு ஒட்டியிருந்தது. வண்டி போய்ச் சேர்ந்தபோதும் அவர் மேலேதான் இருந்திருக்கிறார். கடைசிக் கட்டில் பழைய கம்பி முறிந்துபோய், அதை வெட்டியெறிந்து புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததாம். பெல்ட்டால் தன்னைக் கம்பத்தோடு பிணைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்ததாகப் பழனியப்பன் சொன்னார். கழி மீண்டும் மாட்டப்பட்டு, வேலை முடிந்து, மறுபடியும் கழற்றப்பட்டு வந்திருந்தது.

கருப்பையா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.  "ஆளுக எல்லாம் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. லைனை சார்ஜ் பண்ணலாம்ணே" என்றார். நான் அதை ஒரு சொல்லும் குறையாமல் திருப்பிச் சொன்னேன். "ஆமாம்" என்றார். பலகையில் அவர் பெயரைத் துணியால் துடைத்தேன். பூட்டைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன். அந்த வினைச்சொல்லின் பொருள் அப்போது இயந்திரத்தின் மெல்லிய இரைச்சலாக அறையை நிறைத்தது. வாயிலில் ஊரே ஆர்ப்பரித்தது.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுகாதார நிலையத்தில் அன்று பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மறுநாள் காலை, எர்த் கழி லைன் கிளியர் வாங்கியவரின் தோளில் மட்டுமே திரும்பி வர வேண்டும் என்று பொறியாளர் அம்மையார் எல்லாக் குழுக்களுக்கும் சொல்லி அனுப்பினார். யாருக்கும் மெமோ கொடுக்கவில்லை. கருப்பையா இன்றும் பணியில் இருக்கிறார்; ஃபோர்மேன் ஆகிவிட்டார். ஓடிபி வந்ததில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி, எனக்கும்தான். ஒரு மனிதன் வாய் திறந்து சொல்லும் வரை காத்திருக்க இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஓர் ஆபரேட்டருக்கு இதைவிட நிம்மதி வேறு என்ன வேண்டும்?

அன்று மாலை கூட்டம் கலைந்த பின், நாங்கள் மூவரும் கட்டுப்பாட்டு அறையின் படியில் அமர்ந்து தேநீர் குடித்தோம். கருப்பையா பழனியப்பனைப் பார்த்து, "ஏண்டா, மிதிச்சு வாடான்னுதானடா சொன்னேன், பறந்து வரச் சொன்னனா?" என்றார். பழனியப்பன், "இனிமே நடந்தே வாரேண்ணே" என்றார். கருப்பையா சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.  பழனியப்பன் எழுந்து, அவர் கையில் இருந்த குவளையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு, கருப்பையா கண்மாய்ப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய ஊரின் விளக்குகள் தெரிந்தன.

"எங்க வீட்டுலயும் இந்நேரம் எரியும்ணே" என்றார். பிறகு, "அப்பவே போட்டிருந்தாலும் எரிஞ்சிருக்கும்" என்றார்.

 அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்று எங்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டார். காலையில் வாயிலில் நிறுத்தியிருந்த தன் சைக்கிளை எடுத்தார். நான் கேட் வரை சென்று நின்றேன். சாலையில் கம்பத்துக்குக் கம்பம் விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு விளக்கின் அடியிலும் அவர் தெரிந்தார், இடையில் மறைந்தார், அடுத்த விளக்கின் அடியில் மீண்டும் தெரிந்தார். கண்மாய்க்கரை வளைவில் திரும்பும் வரை பார்த்துவிட்டு, உள்ளே போய் என் நாற்காலியில் அமர்ந்தேன்.